இவ்வளவு காலியாக இருக்கிறதே, சாமான் எல்லாம் எங்கே? சென்னை வீடும் மினிமலிசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் ஜாஃபர்கான்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. மாடி வீட்டுக்காரர்களோடு நான்கு நாள் இருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தபோது, ஹாலில் ஒரு சுவர் முழுக்க அடித்திருந்த ஷோகேஸ் ஊறி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. சோபா, கட்டில், டீபாய், துணி அலமாரி எல்லாம் தெருவுக்குப் போயின. பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவிவிட்டோம். அப்புறம் இரண்டு மாதம் அந்த ஹாலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு கோரைப் பாயும்தான் இருந்தன.

இழந்ததை நினைத்து அம்மா பல நாள் அழுதார். அந்த வலியை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு நாள் மாலை அப்பா பாயில் சாய்ந்துகொண்டு, "இந்த ஹால் இவ்வளவு பெரிசுன்னு இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சே" என்றார். உள்ளலங்கார வேலைக்கு வந்து அப்போது எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. சுவரை நிரப்புவதுதான் என் தொழில் என்று நம்பியிருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியம் பெரிய பாடமாக இருந்தது.

இப்போது நான் வேலை செய்யும் வீடுகள் பெரும்பாலும் 600 முதல் 1,000 சதுர அடி வரையுள்ள ஃபிளாட்டுகள். வேளச்சேரி, மடிப்பாக்கம், அம்பத்தூர், பெரம்பூர் என்று எங்கே போனாலும் மினிமலிசம், அதாவது பொருளைக் குறைத்து இடத்தைக் காலியாக வைக்கும் பாணி பற்றி முதல் சந்திப்பில் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

மினிமலிசம் என்றால் வீட்டில் ஒன்றுமே இருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வேண்டியது எல்லாம் இருக்கலாம். கண்ணுக்கு எதிரே எது நிற்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் எது இருக்க வேண்டும், தரையில் எது உட்காரலாம் என்பதை மட்டும் நாம் யோசித்து முடிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகள் யாரும் முடிவே செய்யாததால் நிரம்புகின்றன. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள், டிவி வந்த அட்டைப்பெட்டி, வாரண்டிக்காக வைத்திருக்கும் தெர்மகோல், ஓடாத மிக்ஸி... இவற்றை யாரும் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை. எடுத்துப் போட ஒரு நாள் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

நூறு பொருளுக்குள் வாழ்கிறேன் என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. நான் யாரையும் எண்ணச் சொல்வதில்லை. நான்கு பேர் இருக்கும் வீட்டில் நான்கு தட்டு போதாது. தீபாவளிக்கு அத்தை குடும்பம் வரும். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஹால் நடுவில் ஒரு ஜமக்காளம் விரித்து, எதையும் நகர்த்தாமல் எட்டுப் பேர் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட முடிகிறதா? முடிகிறது என்றால் அந்த வீட்டில் என்னென்ன இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இது வெளிநாட்டு ஃபேஷன்தானே?

பெயர் வெளிநாட்டுப் பெயர். கட்டிடக்கலையில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியில் பிறந்த மீஸ் வான் டெர் ரோஹே. 1929-ல் பார்சிலோனா கண்காட்சிக்காக அவர் அமைத்த மண்டபத்தில் அலங்கார வேலைப்பாடு எதுவும் கிடையாது. முக்கியமாகப் பளிங்கு, கண்ணாடி, எஃகுத் தூண், நீர்த் தொட்டி. கல்லின் கோடுகளே அலங்காரமாக நின்றன. 1951-ல் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஒரு பெண் மருத்துவருக்காக அவர் கட்டி முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட ஒற்றை அறை. செலவு விஷயத்தில் இருவரும் நீதிமன்றம் வரை போனார்கள். ஆற்றங்கரை என்பதால் வீட்டைத் தரையிலிருந்து தூக்கித்தான் கட்டியிருந்தார். இருந்தும் 1996-ல் வெள்ளம் உள்ளே புகுந்துவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஜாஃபர்கான்பேட்டை ஞாபகம்தான் வந்தது.

இன்னொரு வேர் ஜப்பானில் இருக்கிறது. அங்கே பழைய வீடுகளில் கோரை முடைந்த தடித்த பாய்தான் தரை. இரவில் அதன்மேல் மெத்தை விரிப்பார்கள், காலையில் மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். ஒரே அறை இரவில் படுக்கையறை, பகலில் கூடம். இதைக் கேட்டால் நம் பாட்டிமார்கள் ஆச்சரியப்படமாட்டார்கள். விடிந்ததும் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தி வைத்துவிட்டு, அதே இடத்தைப் பெருக்கி, அங்கேயே உட்கார்ந்து காய் நறுக்கியவர்கள்தானே அவர்கள்? திண்ணை, கூடம், முற்றம் என்று வீட்டின் நடுவையே வானத்துக்குத் திறந்து வைத்திருந்த ஊர் நம்முடையது. ஒரு ஊஞ்சல், ஒரு சாய்வு நாற்காலி, சுவரில் மாடக்குழி. அலமாரி என்று தனியாக ஒரு மரச்சாமான் வேண்டாம். சுவரின் கனத்துக்குள்ளேயே அது இருந்தது.

பழைய வீடுகளில் இல்லாமை ஒரு பக்கம் இருந்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது நிரப்பிக்கொள்ளும் பழக்கம் நம் கைப்பழக்கம்தான். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

சரி, இப்போது ஏன் திடீரென்று எல்லோருக்கும் பிடிக்கிறது?

என்னிடம் வருபவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதல் காரணம் களைப்பு. சிறுசேரியிலிருந்தோ அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்தோ ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் வந்து கதவைத் திறக்கிறார்கள். வழியெல்லாம் பேனர், ஹார்ன், பள்ளம், மெட்ரோ வேலைத் தடுப்பு. வீட்டுக்குள் வந்ததும் கண் ஒரு இடத்தில் ஓய்ந்து நிற்க வேண்டும். அங்கேயும் திறந்த அலமாரி நிறைய பொம்மையும் கோப்பையும் போட்டோவும் இருந்தால், ஒவ்வொன்றும் ஒரு வேலையை ஞாபகப்படுத்துகிறது: இதைத் துடைக்கணும், அதை மாற்றணும், இதை யாருக்கோ திருப்பிக் கொடுக்கணும்.

இதைப் பற்றி ஆய்வும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் 60 பேரைத் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. வீட்டைப் பற்றிப் பேசும்போது 'அடைசல்', 'முடிக்காத வேலை' என்ற தொனியில் பேசிய பெண்களின் உடலில், கார்டிசால் என்னும் மனஅழுத்தச் சுரப்பு பகலில் இயல்பாக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அடைசல்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொடர்பு பெண்களிடம் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். ஹாலில் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் வீட்டில் யாருடைய தலையில் ஏறுகிறது என்று நமக்கும் தெரியும்.

இரண்டாவது காரணம் காற்று. சென்னைக்கு இது மிக முக்கியம், ஆனால் யாரும் சொல்வதில்லை. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். அந்த நேரத்தில் ஜன்னலை மறைத்து ஒரு பீரோவும், எதிர் ஜன்னலுக்குக் கீழே உயரமான சோபாவும் இருந்தால் காற்று நுழைந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு வீட்டில் நான் செய்த முதல் வேலை, படுக்கையறை ஜன்னலை அடைத்து நின்ற ஸ்டீல் பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியது. செலவு இரண்டு பேர் கூலி. அந்த மே மாதம் ஏசியை இரவு பத்து மணிக்கு மேல்தான் போடுகிறோம் என்று போன் செய்து சொன்னார்கள்.

மூன்றாவது தூசி. ரோட்டுப் பக்கம் உள்ள வீட்டில் காலையில் துடைத்த கண்ணாடி மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். துடைக்க வேண்டிய பரப்பு குறைந்தால் வேலை குறையும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான்காவது, தரை. நம் ஊர் வெயிலுக்கு வெறுங்காலில் சிவப்பு ஆக்சைடு தரையிலோ மொசைக்கிலோ நடக்கும் சுகம் தனி. அந்தத் தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், காலுக்குக் கிடைக்க வேண்டும். எனக்கு இந்தப் பாணியில் பிடித்ததே இதுதான். காலியான சுவரைவிடக் காலியான தரையைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன்.

எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடித்தால் போதுமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பாணி வீடுகளின் படங்களில் பார்க்கும் அந்த வெண்மை வடக்கு ஐரோப்பாவின் மங்கலான வெளிச்சத்துக்குப் பொருந்துவது. நமக்குப் பதினொரு மணி வெயில் பளிங்கு டைல்ஸில் பட்டு வெள்ளைச் சுவரில் தெறித்தால் கண் கூசும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் பார்த்தால் ஓதம் ஏறிய திட்டுகள் வெள்ளையில்தான் முதலில் தெரியும். சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கை அழுக்கும் அப்படித்தான்.

மணல் நிறம், மோர் நிறம், வெளிறிய களிமண் நிறம் இவை நம் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும். சுவர் அடங்கியிருந்தால் தரை பேசலாம். ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா, அது பூப்போட்டது ஆயிற்றே என்று தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். காரைக்குடிப் பக்கம் கண்ணாடித் தட்டில் கையால் வார்க்கும் அந்த டைல்ஸ் ஹாலில் மட்டும் இருந்து, சுவரும் மரச்சாமானும் ஒதுங்கி நின்றால் அறைக்கு ஒரே ஒரு குரல்தான் இருக்கும். கடப்பாக் கல், கோட்டாக் கல், தேக்கு, கோரை, பருத்தி எல்லாம் தன் நிறத்திலேயே அழகானவை.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹாலில் நடுவில் ஒரு நீல வெள்ளை டியூப்லைட் எரிந்தால் எந்த அறையும் கிளினிக் போல ஆகிவிடும். 3,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) அளவில் மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் விளக்குகளை இரண்டு மூன்று இடத்தில் தாழ்வாக வையுங்கள். படிக்கும் மேஜைக்கு மட்டும் 4,000 இருக்கட்டும்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டுமா?

வேண்டாம். ஃபிளாட்டில் கூரை உயரமே பத்தடிக்குள்தான். அதில் அரை அடியைக் குறைத்து, மின்விசிறியையும் இறக்கி, மேலே பல்லிக்கும் தூசிக்கும் இடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பொருள் குறைந்தால் செலவும் குறையும்தானே?

வாங்குவது குறையும். செய்வது சில சமயம் கூடும். முதல் சந்திப்பிலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என் வழக்கம், ஏனென்றால் பாதி வேலையில் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இதனால்தான்.

சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கும் பட்டை, கதவுச் சட்டத்தைச் சுற்றிய வேலைப்பாடு, கூரை ஓரத்துப் பூ வேலை இவையெல்லாம் அழகுக்கு மட்டும் வந்தவை அல்ல. இரண்டு பொருள் சேரும் இடத்தில் வரும் கோணல், வெடிப்பு, இடைவெளி எல்லாவற்றையும் அவை மூடுகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் கொத்தனாரின் பூச்சு நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். பட்டி பார்ப்பவர் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும். கைப்பிடி இல்லாத அலமாரிக் கதவுகளுக்கு நடுவே விடும் இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆசாரிக்கு இது கூடுதல் நாள். அந்தக் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். எளிமையாகத் தெரியும் வீட்டில் உண்மையான செலவு அந்தக் கைகளுக்குத்தான் போக வேண்டும்.

பிளைவுட் வாங்கும்போது சமையலறைக்கும் குளியலறை ஒட்டிய சுவருக்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளை கேளுங்கள். சாதாரண ஐஎஸ் 303 ரகத்தை ஹால், படுக்கையறை போன்ற உலர்ந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை நம் ஊர் ஈரப்பதத்தில் விளிம்பு உப்பிவிடும். கிரவுண்ட் ஃப்ளோர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் போலக் கடற்கரையை ஒட்டிய வீட்டுக்குக் கீலும் திருகும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருந்தால் உப்புக் காற்றைத் தாங்கும்.

சமையலறையில் இதெல்லாம் நடக்குமா? கிரைண்டர், குக்கர், இட்லிக் குண்டான், அரிசி மூட்டை...

நடக்கும், ஆனால் படத்தில் பார்ப்பது போல நடக்காது. அந்தப் படங்களில் திறந்த பலகையில் மூன்று வெள்ளைக் கிண்ணம் இருக்கும். நாம் தினம் தாளிக்கிறோம், வாரம் ஒருமுறை அப்பளம் பொரிக்கிறோம். திறந்த பலகையில் பதினைந்தே நாளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். ஆகவே நமக்கு மூடிய அலமாரிதான்.

தினமும் கை போகும் மிக்ஸி வெளியேதான் இருக்கட்டும். அதைத் தூக்கித் தூக்கி உள்ளே வைக்கச் சொல்வது அம்மாக்களைத் தண்டிப்பது. வாரம் இரண்டு முறை ஓடும் டேபிள் டாப் கிரைண்டருக்கு மேடைக்குக் கீழே சக்கரம் வைத்த ஒரு பலகை போதும், இழுத்து அரைத்துவிட்டு உள்ளே தள்ளிவிடலாம். முறுக்கு அச்சு, பெரிய அண்டா, அதிரசத் தட்டு எல்லாம் லாஃப்ட்டுக்கு.

இந்தப் பாணிக்கு நம் சமையலறையிலேயே ஓர் ஆசான் இருக்கிறது: அஞ்சறைப் பெட்டி. ஒரே மூடி, ஏழு கிண்ணம், ஒரு கரண்டி, கண்ணை மூடிக்கொண்டு கை போகும். அதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அலமாரியை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

அம்மா எதையும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. என் பதில் சிலருக்குப் பிடிப்பதில்லை. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரம்பூரில் ஒரு வீடு. மகள் ஐடி வேலை, அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சமையலறை லாஃப்ட் முழுக்க எவர்சில்வர். மகள் என்னிடம், "மொத்தத்தையும் எடைக்குப் போட்டுடலாம், அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றார். நான் ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கினேன். அம்மா ஒரு தூக்குவாளியைக் கையில் வாங்கி அடிப்பக்கம் திருப்பினார். கடையில் ஊசியால் குத்திக் குத்திப் பொறித்த எழுத்து: கொடுத்தவர் பெயர், கல்யாணத் தேதி, 1983.

"இது எங்க பெரியம்மா வெச்சது கண்ணு. அவங்க வீட்டுலயே அப்ப ஒரு எவர்சில்வர் கெடையாது" என்றார் மகளிடம்.

மகள் அதுவரை அந்தப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. அன்று மதியம் வரை நாங்கள் பாத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பெயர் படித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வந்தது. சில பெயர்கள் யார் என்று அம்மாவுக்கே நினைவில்லை. அவற்றை அவரே ஒதுக்கி வைத்தார். ஒன்றுபோல இருந்த டபராக்களில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டார். பெரியம்மாவின் தூக்குவாளி இப்போது லாஃப்ட்டில் இல்லை. தினமும் அதில்தான் மாவு புளிக்கிறது. ஒரு பொருளுக்கு மரியாதை கொடுப்பதென்றால் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே சில விஷயங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது அவர்கள் பொருளில் கை வைக்காதீர்கள். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்காமல், "இது யார் கொடுத்ததும்மா?" என்று கேளுங்கள். ஒரு அலமாரியாவது அவர்கள் விருப்பப்படி, அவர்கள் சாவியில் இருக்கட்டும். கஷ்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு நிறைந்த பரண் என்பது ஒரு தைரியம். நமக்கு மன அமைதி தரும் வெற்றிடம் அவர்களுக்குப் பயத்தைத் தரலாம். மாமியார் என்றால் இந்தப் பேச்சை மகன் பேசட்டும், மருமகள் தலையில் கட்ட வேண்டாம்.

கொலு வைக்கும் வீடு நாங்கள். ஒன்பது படி, நூற்றுக்கணக்கில் பொம்மை.

கொலுவை விட்டுவிடாதீர்கள்! வருடத்தில் பத்து நாள் வீடு நிறைந்து, மற்ற நாளெல்லாம் அதே இடம் காலியாக இருப்பதுதான் கொலு. ஷோகேஸில் வருடம் முழுக்க நிற்கும் பொம்மையை நான்காவது நாள் யாரும் பார்ப்பதில்லை. பரணிலிருந்து இறங்கிப் பழைய வேட்டித் துணியைப் பிரித்ததும் வெளியே வரும் மரப்பாச்சியைக் குழந்தைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள்.

மடக்கி வைக்கும் ஸ்டீல் படி வாங்குங்கள். பொம்மைகளைச் செட் செட்டாகப் பெட்டியில் போட்டு, வெளியே தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை என்று எழுதி ஒட்டுங்கள். மூட்டைக்குள் நாப்தலின் உருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலை போடுபவர்களும் உண்டு.

பூஜை இடத்தைப் பொறுத்தவரை நான் எண்ணிக்கை பேசுவதில்லை, அது அவரவர் மனம். நகைக்கடைக் காலண்டர்கள் வருடக்கணக்கில் ஆணியில் அடுக்கடுக்காகத் தொங்கினால் மட்டும் மெதுவாகக் கேட்பேன்.

தரையில் உட்காரும் வீடு என்றால் முட்டி வலிக்காரர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களுக்கு நல்ல நாற்காலி வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தாழ்வான சோபா படத்துக்கு அழகு. அறுபது வயதுக்கு மேல் அதிலிருந்து எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குல உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி, மெத்தை கொஞ்சம் கெட்டியாக. அப்படி இரண்டு நாற்காலி, ஒரு திவான், சுருட்டி வைத்த ஒரு பவானி ஜமக்காளம், இவ்வளவு இருந்தால் ஹாலில் பத்துப் பேர் உட்காரலாம். இடமும் கூரையில் கொக்கியும் உள்ளவர்கள் ஊஞ்சல் போடுங்கள். கோடையில் படுக்க பத்தமடைப் பாயோ சாதாரணக் கோரைப் பாயோ எடுத்துப் பாருங்கள், ஃபோம் மெத்தையின் சூடு அதில் இல்லை.

சின்னக் குழந்தை இருக்கிறது.

நல்லதாகப் போயிற்று. ஓடத் தரை கிடைக்கும், இடித்துக்கொள்ள டீபாய் முனை இருக்காது. விளையாட்டுச் சாமானில் பாதியைப் பெட்டியில் போட்டு மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுங்கள்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூட ஹவுஸ் ஓனர் விடுவதில்லை.

மினிமலிசம் அதிகம் உதவுவது வாடகைக்காரர்களுக்குத்தான். வீடு மாற்றும்போது குட்டி யானை (சின்ன லோடு வண்டி) ஒரு நடையா, மூன்று நடையா என்பதில் இருக்கிறது கணக்கு. சுவரோடு அடிக்கும் வேலை எதுவும் வேண்டாம். கழற்றி மாட்டக்கூடிய கட்டில், மடக்கும் மேஜை, எந்த வீட்டு அறைக்கும் பொருந்தும் சாதாரண அளவு அலமாரி. திரைச்சீலையை மட்டும் நல்ல காதியிலோ கைத்தறியிலோ தைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவர் நிறத்துக்கும் அது ஈடுகொடுக்கும்.

வெள்ளம், புயல், தண்ணீர்ப் பஞ்சம் வரும் ஊரில் எல்லாவற்றையும் குறைப்பது சரியா?

சரியான கேள்வி. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம். இந்த ஊரில் குடம், டிரம், இருபது லிட்டர் கேன் இரண்டு, எமர்ஜென்சி லைட், மெழுகுவத்தி, ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு இவற்றைக் குறைக்கச் சொல்பவர் சென்னையை அறியாதவர்.

அவற்றுக்கு இடம் முதலிலேயே ஒதுக்க வேண்டும். சர்வீஸ் ஏரியாவில் நான்கடிக்கு ஒரு மூடிய அலமாரி, அதில் வேறு எதுவும் புகக் கூடாது. தரைத்தள வீடு என்றால் பத்திரம், சான்றிதழ், போட்டோ ஆல்பம் மூன்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டுத் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். எங்கள் வீட்டு ஆல்பம் ஷோகேஸின் கீழ்த்தட்டில் இருந்தது. அதில் ஒரு படம் கூட மிஞ்சவில்லை. போன சாமான்களில் இன்றும் நான் நினைத்து வருந்துவது அது ஒன்றுதான்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்கிறார்களே?

ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீடுகள் வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் இருக்கின்றன. அங்கே பொருள் குறைவாக இருப்பதை மினிமலிசம் என்று சொல்லி ரசிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேண்டும் என்றால் வாங்க முடியும், இருந்தும் வேண்டாம் என்கிறேன் என்பவருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். ஆனால் இடத்தை ஆளும் திறமை அந்த வீடுகளில் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் கொக்கி வரிசை, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, பகலில் சுவரோடு மடிந்து நிற்கும் கட்டில். நான் போடும் பல வரைபடங்களுக்கு மூலம் அங்கேதான், அதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

ஒதுக்கிய சாமானை எங்கே கொடுப்பது?

இரும்பு, பித்தளை, உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் காயலான் கடைக்கு. புத்தகம், பேப்பர் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு. உடுத்தக்கூடிய துணியை, வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் முதலில் "வேணுமா?" என்று கேட்டு, துவைத்து மடித்துக் கொடுங்கள், கிழிந்ததைக் கொடுக்காதீர்கள். பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர்களிடம் கொடுத்தால் இன்னொரு பாத்திரம் உள்ளே வரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள கட்டில், மேஜையை அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாலே ஆள் வந்துவிடும்.

போகிக்குக் காத்திருந்து கொளுத்த வேண்டாம். கழிக்கும் வழக்கம் அருமையான வழக்கம், டயரும் ரெக்சினும் எரிவதுதான் பிரச்சினை. 2018 போகியன்று பனியோடு புகை சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. ஒரு பழைய பாயும் நான்கு வறட்டியும் சாஸ்திரத்துக்குப் போதும்.

நேரில் பார்க்க ஏதாவது இடம் உண்டா?

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது. தென்னாட்டின் பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது, தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் நெசவாளர் வீட்டையும் பாருங்கள். தறிக்கு இடம் விட்டு மிச்சத்தில் குடும்பம் வாழ்ந்திருக்கிறது.

புதுச்சேரி போனால் கோல்கொண்ட் என்ற தங்கும் விடுதி. அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டிடக் கலைஞர் ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1937-ல் வேலை தொடங்கியது. பிற்காலத்தில் மரவேலையில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகஷிமா இளைஞராக அங்கே வந்து நின்று கட்டிட வேலையை மேற்பார்வை பார்த்தார். சுவருக்குப் பதில் திருப்பி மூடும் பலகைகள், சறுக்கும் மரக் கதவுகள். ஏசி இல்லாமலே காற்று அறைக்கு அறை போகும்படி செய்திருக்கிறார்கள். ஜப்பானில் வேலை செய்து பழகிய கை நம் கடற்கரை வெயிலுக்குக் கட்டியது. வெளியே தெருவில் நின்று பார்த்தாலே அந்தப் பலகை வரிசை தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது?

எதையும் வாங்காதீர்கள். டப்பா, கூடை, ஆர்கனைசர் என்று வாங்கித் தொடங்குபவர்கள் இரண்டு மாதத்தில் அவற்றையே அடுக்க இடம் தேடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டு, ஹாலில் நாற்காலி, மின்விசிறி, டிவி தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு அறைக்கு மாற்றுங்கள். தரையை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு பாய் விரியுங்கள். பதினைந்து நாள் அப்படியே விடுங்கள். யாருக்கு எது வேண்டுமோ அந்த அறையில் போய் எடுத்து வரலாம், தடையில்லை. எடுத்து வந்தது ஹாலிலேயே இருக்கட்டும்.

பதினைந்தாம் நாள் அந்த அறைக் கதவைத் திறந்து, யாரும் தேடாமல் கிடப்பவற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். அடியில் ஏதாவது பெயர் பொறித்திருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.